வியாழக்கிழமைக் கிருமி

"அப்ப கிருமிக்கு வாரத்துல ஒரு நாள்தான் வேலைன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல ஹத்து. காகிதம் சொல்லுது."

"காகிதம் என்ன வேணாலும் சொல்லும் லல்லா. என் கல்யாணப் பத்திரத்துல நான் மனப்பூர்வமா சம்மதிச்சேன்னு எழுதியிருக்கு."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க" என்றாள் மூன்றாமவள். கையிலிருந்த தேநீர்க் கெண்டியை மேசைமேல் தேவைக்கு மேலாகவே சத்தம் வர வைத்தாள். "இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் என் கடைக்கு சீல் வைக்க வர்றாங்க. கோடையில இந்த ஆறு வாரந்தான் எனக்கு வருஷம். மிச்ச வாரமெல்லாம் இதை வச்சுத்தான் கழியுது."

அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. யாம்னாவின் கடை தினுரார் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னால் அது தவறு. ஓடைக்குள்ளேயே இருந்தது. பன்னிரண்டு மேசைகளும் நாற்பது நாற்காலிகளும் கணுக்கால் தண்ணீரில் நின்றன. மராகேஷ் நகரத்து வெயிலுக்குத் தப்பி மலையேறி வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, காலை ஓடையிலும் கையை தாஜின் என்ற கறிச் சட்டியிலும் வைத்துக்கொண்டு, இதுதான் சொர்க்கம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான்கு வாரம் முன்பு ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்தது. குழந்தைகள் காலை மட்டும் வைக்கவில்லை. குதித்தார்கள், குடித்தார்கள். பதினொரு குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு சிறுமி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

ஊராட்சித் தலைவர் ஹாஜ் பாஹா உடனே விசாரணை நடத்தினார். விசாரணை என்றால், யாம்னாவின் கடைக்குக் கீழே ஆறு முறை தண்ணீர் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். மூன்று முறை தண்ணீரில் கிருமி நிறைந்திருந்தது. கடைக்குக் கீழே அழுக்கு என்றால் கடைதான் அழுக்கு. இதற்கு மேல் யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

இட்டோ உல்ஹாஜுக்கு யோசிப்பதைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லை. ஊர் மரியாதையாக லல்லா, அதாவது அம்மா, என்று கூப்பிடும் பெண். ஐம்பத்தாறு வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு. இருபத்தாறு வருஷம் நகரத்தில் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஓர் அறிக்கையில் ஒரே ஒரு வரியை அடிக்கச் சொன்னார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். இப்போது தண்ணீர் சம்பந்தப்பட்ட வம்புகளைத் துப்பறிகிறார். உலகத்தில் திருட்டும் கொலையும் எத்தனை நடந்தாலும், இந்த நாட்டில் தண்ணீர் வம்புக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை.

ஹத்து அவருடைய உதவியாள். அதற்கு முன் ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேரை ஏற்றி இந்த மலைப்பாதையில் பங்கு டாக்ஸி ஓட்டியவன். அதனால் மனிதர்களின் நெருக்கமான குணங்கள் அவனுக்கு அத்துப்படி. டாக்ஸி இன்னும் இருந்தது. அதன் பின்சீட்டில்தான் இட்டோவின் ஆய்வுக்கூடம்: வண்டி பேட்டரியில் சூடாகும் ஒரு மரப்பெட்டி, உள்ளே கண்ணாடித் தட்டுகள். நேற்று முன்தினம் வந்ததுமே யாம்னாவின் கடைக்கு மேலே ஒரு குப்பி, கீழே ஒரு குப்பி எடுத்து, அந்தப் பெட்டிக்குள் அடைகாக்க வைத்திருந்தார். நேற்றிரவு முழுக்க அந்த வண்டியில்தான் ஹத்துவின் தூக்கமும். கிருமிகளோடு ஒரே அறையில் படுத்தவன் என்ற பெருமையோடு அவன் காலையில் எழுந்தான். தட்டுகள் இரண்டுமே சுத்தமாக இருந்தன.

குப்பி எடுத்த அன்று கடையில் நாற்பது பேர் சாப்பிட்டிருந்தார்கள். யாம்னாதான் அழுக்கு என்றால், அவள் நாற்பது பேருக்குச் சமைத்த நாளில் தண்ணீர் ஏன் சுத்தம்?

"அதுக்குத்தான் இதைப் பாரு" என்று இட்டோ சுவரைக் காட்டினார். உரக்கம்பெனி கொடுத்த நாட்காட்டி. ஊராட்சியின் ஆறு ஆய்வுச் சீட்டுகளையும் அதன் அருகில் குத்தி வைத்திருந்தார். சீட்டுகளில் தேதி மட்டும்தான் இருந்தது. தேதியை மட்டும் பார்த்தால் அது நகரத்துக்காரன் கணக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தேதி தெரியும்? திங்கள் சந்தை, வெள்ளி தொழுகை, சனி கம்பளம் அலசும் நாள் என்று கிழமையில்தான் இங்கே காலம் ஓடுகிறது. இட்டோ ஒவ்வொரு தேதிக்கும் கிழமை எழுதியிருந்தார். சுத்தமான மூன்று சீட்டு: ஞாயிறு, திங்கள், புதன். அழுக்கான மூன்று சீட்டு: வியாழன், வியாழன், வியாழன்.

"அந்தப் பள்ளிக்கூடப் பேருந்து என்னைக்கு வந்துச்சு?" என்று யாம்னாவிடம் கேட்டார்.

யாம்னா யோசித்தாள். அவள் சொல்லாமலே ஹத்துவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

இன்றைக்கும் வியாழக்கிழமைதான்.

ஹத்து தன் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலை எடுத்தான். அவனிடம் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். முதலில் ஆடுகள். இட்டோ தலையசைத்தார்: ஆடு தினமும் மேலே போய் வருகிறது, அதற்கு வியாழக்கிழமை விரதமில்லை. அடுத்தது கம்பளம் அலசும் பெண்கள். அவர்கள் சனிக்கிழமை. அப்புறம் மேட்டில் கூடாரம் போட்டுத் தாளம் தட்டும் வெளிநாட்டு நீளமுடிக்காரர்கள். அவர்கள் குளிப்பதே இல்லை என்பதால் ஓடைக்கு அவர்களால் ஆபத்தில்லை என்று ஹத்துவே விடுதலை செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் வந்து மிதிக்கும்போது சுத்தமாக இருக்கிற ஓடை, கூட்டம் குறைந்த வியாழக்கிழமையில் ஏன் கெட்டுப்போகிறது? ஆட்கள் கெடுக்கவில்லை என்றால் வேறு என்ன கெடுக்கிறது?

இட்டோ தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையின் அடியில் கிடந்த புதினா இலை ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார். கட்டை விரல் அகலம், அடர்ந்த பச்சை. இந்த வருஷம் மழை பொய்த்த வருஷம். பள்ளத்தாக்கில் எல்லார் புதினாவும் எலிக்காது அளவில்தான் இருந்தது.

"நல்ல புதினா" என்றார்.

"அல்லாஹ் குடுத்தது" என்றாள் யாம்னா, கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபடி. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நின்றது. ஈரச் சேறு இன்னும் காயவில்லை.

"வா" என்று இட்டோ எழுந்தார். "இந்த ஊர்ல வியாழக்கிழமை யாருதுன்னு கேட்டுட்டு வருவோம்."

நாளுக்கு உரிமையாளர் உண்டா என்று ஹத்து கேட்கவில்லை. அவனும் மலைக்காரன்தான். இங்கே தண்ணீருக்கு முறை உண்டு. ஓடையிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் எந்த நாள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை யார் வயலுக்குத் தண்ணீர் என்பது பாட்டன் பூட்டன் காலத்தில் முடிவானது. அதை எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள். ஊரே ஒருவரை நம்பி, தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியாக வைத்திருக்கும். முறை எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும்.

தினுராரின் நீர்க்கட்டி பிஹி பள்ளிவாசல் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். பழைய நாட்களில் நிழலை அடியால் அளந்து முறை மாற்றுவார்களாம். இப்போது பிஹி கைப்பேசியில் அலாரம் வைத்திருந்தார். ஆனாலும் நிழலிலிருந்து நகரவில்லை, பதவிக்கு ஒரு மரியாதை வேண்டுமே. இட்டோ சலாம் சொல்லி, அவருடைய முழங்கால் வலியை விசாரித்து, மகளின் பிரசவத்தை விசாரித்து, கழுதையை விசாரித்தார். கழுதை நலமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கேள்விக்கு வந்தார்.

பிஹி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். திங்கள் மேலத்தெரு. செவ்வாய் கீழத்தெரு. புதன் ஆலை வீட்டுக்காரர்கள். வெள்ளி யாருக்கும் இல்லை, ஓடைக்கே. அவர் வியாழக்கிழமையைத் தாண்டிப் போனது ஹத்துவுக்குக்கூடத் தெரிந்தது.

"வியாழன்?"

"வியாழன் பள்ளிவாசலோட முறை. விடியல்ல இருந்து அஸர் வரைக்கும், பின்வாய்க்கால்ல. பள்ளிவாசல் நிலம் தரிசா கிடந்ததால ஆறு வருஷமா யாரும் மடையத் தொறக்கல."

"ஆறு வருஷம் ஓடாத முறை செத்துப்போயிடாதா?" என்றான் ஹத்து.

பிஹி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். மசூதிக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்க்கிற பார்வை. "நிலம் சாகும். ஆள் சாவான். முறை சாகாது தம்பி. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் மண்வெட்டியோட வந்தாலும் அந்த நாள் அவனுக்குத்தான்."

"இப்ப யாரு வந்தா?" என்று மெல்லக் கேட்டார் இட்டோ.

"வசந்தத்துல இமாம் நிலத்தக் குத்தகைக்கு விட்டாரு. ஓடைக்குள்ள நாற்காலி போட்டிருக்காளே, அந்தப் பொண்ணுக்கு. புதினா போட்டிருக்கா. நல்ல உழைப்பாளி, விடியுறதுக்குள்ள வந்து மடையத் தொறந்துடுவா."

திரும்பி வரும் வழியில் இருபது அடி போவதற்குள் ஹத்துவுக்குத் தாங்கவில்லை. கட்சிக்காரியே குற்றவாளி என்றால் நாம் யாரிடம் போய்த் துப்பறிந்த செய்தியைச் சொல்வது என்று கேட்டான். உங்களுக்கு எப்போது தெரியும் என்றும் கேட்டான்.

டீக்கோப்பையில் அந்த இலையைப் பார்த்தபோதே என்றார் இட்டோ. மழையில்லாத வருஷத்தில் அவ்வளவு அகல இலை விட வேண்டுமானால் புதினாவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. யாரோ அதற்கு நன்றாகச் சாப்பாடு போடுகிறார்கள்.

ஹத்து நின்றுவிட்டான். வந்ததிலிருந்து அவன் குடித்த கோப்பைகளை மனதுக்குள் எண்ணினான். ஒன்பது.

"கொதிக்க வச்ச தண்ணிதான். பயப்படாத" என்றார் இட்டோ. "அவ மடையத் தொறக்குறா. ஆனா தண்ணி சுத்தமாத்தான் வாய்க்காலுக்குள்ள போகுது. உள்ள போற தண்ணி சுத்தம், வெளிய வர்ற தண்ணி அழுக்கு. நடுவுல ஒருத்தர் இருக்கார். அவரப் பாத்துட்டு வரலாம்."

பின்வாய்க்கால் ஊருக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத மேட்டின் ஓரமாகப் போயிற்று. அத்தி மரங்களும் முள்ளும் மூடிய பழைய மண் வாய்க்கால். ஆறு நாள் காய்ந்த மண்ணாகக் கிடந்து, வியாழக்கிழமை மட்டும் ஆறாக மாறுகிற ஒன்று. தண்ணீர் வரும் திசைக்கு எதிராக அவர்கள் ஏறினார்கள். தெரியாத ஊருக்கு இப்படிப் போவது நல்ல வழி என்று ஹத்துவுக்குத் தோன்றியது, தண்ணீருக்கு யாரிடமும் பொய் சொல்ல வராது. வழியில் ஓரிடத்தில் செந்தட்டிச் செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. அதற்கு மேலே, வாய்க்கால் கரையில், ஒன்றுமே அப்படி வளரவில்லை. கீழே எல்லாமே அப்படித்தான் வளர்ந்திருந்தது.

இட்டோ செந்தட்டியைக் குச்சியால் விலக்கினார். சாம்பல் நிறக் குழாய் ஒன்று, கை நுழையும் அகலம், கரையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதன் வாயிலிருந்து வழிந்ததை ஹத்து வர்ணிக்க விரும்பவில்லை. ஆறு நாளும் அது காய்ந்த வாய்க்காலுக்குள் வழிந்து தேங்கிக் கிடக்கும். ஏழாம் நாள் தண்ணீர் வந்து, துடைப்பம் போட்டதுபோல் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும், முதலில் புதினாவுக்கு, அங்கிருந்து வடிந்து கடைக்கு ஐம்பது அடி மேலே ஓடைக்குள்.

குழாய் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கட்டடம். இரண்டு கதவுகள், ஓட்டுக் கூரை, நடுவில் சலவைக்கல். தினுராரில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. சென்ற இலையுதிர் காலத்தில் கவர்னர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து நாடா வெட்டி, கொட்டு முழங்கித் திறந்துவைத்த மாதிரிக் கழிப்பறை. சலவைக்கல்லில் பொன்னெழுத்தில் இருந்தது: 'நம் ஓடையைக் காப்போம். ஊராட்சித் தலைவர் ஹாஜ் பாஹாவின் முயற்சி.'

"முயற்சி திருவினையாக்கும்னு சொல்லுவாங்க" என்றான் ஹத்து. "இது தெருவினையாக்கிருச்சு."

இட்டோ சிரிக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்தார். மலக்குழித் தொட்டியின் மூடியைக் காலால் தட்டினார். நிறைந்த சத்தம் வந்தது. உறிஞ்சு வண்டி வர வேண்டுமென்றால் கீழேயிருந்து அறுபது படி ஏறி வர வேண்டும். வண்டிகளுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை. கட்டியது சமவெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர். அவர் பார்த்தது ஒரு காய்ந்த பள்ளம். வடிகாலுக்கு வசதியாக அல்லாஹ்வே வெட்டிவைத்த பள்ளம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹாஜ் பாஹா இந்த மண்ணில் பிறந்தவர். ஒரு வாய்க்காலைப் பார்த்து, ஆறு வருஷமாக ஓடவில்லை, செத்துவிட்டது என்று அவரும் நினைத்திருக்கிறார். பிஹியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் கழுதையையும் விசாரிக்க வேண்டியிருக்கும். தலைவருக்கு நேரமில்லை.

இட்டோ பையிலிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்தார். உள்ளே செங்கல் நிறத்தில் தூள். தண்ணீரில் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை. யாருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் எதில் பட்டாலும் இரண்டு நாள் போகாது. ஒரு கரண்டி போதும். அவர் முழு டப்பாவையும் போடப்போவதாகச் சொன்னார். தொட்டி கழுத்து வரை நிறைந்திருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு இன்னொரு வாய் திணித்தால் ஒரு வாய் வெளியே வந்துதானே ஆக வேண்டும். இருபது வாளி தண்ணீர் ஊற்றினால், எந்தக் கழிப்பறை எந்த ஓடையில் கலக்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடச் சீட்டு தேவையில்லை. பிஹியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். அஸருக்கு மடை மூடிவிடுவார்கள். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

"நான் என்ன செய்யணும்?"

"கீழ போய் சாப்பிடு."

இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த உத்தரவுகளில் இதுதான் மிகச் சிறந்தது என்று ஹத்து நினைத்தான். பிறகு எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

அவன் போனபோது சீல் வைக்க வந்தவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஹாஜ் பாஹாவும் மாவட்டத்திலிருந்து ஓர் இளம் சுகாதார அதிகாரியும். அதிகாரியின் மடியில் தோல்பை, பைக்குள் ஈய முத்திரையும் கம்பியும் குறடும். சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடுவது இந்த மலையில் கொலையைவிடப் பெரிய குற்றம். ஆகவே யாம்னா அவர்களுக்கு ஓடையின் நடுவில், நிழலான மேசையில், ஆட்டுக்கறியும் உலர்திராட்சையும் போட்ட தாஜின் வைத்திருந்தாள். எந்தக் கடையைச் சுத்தமில்லை என்று மூட வந்தார்களோ அந்தக் கடையின் சட்டியை இருவரும் ரொட்டியால் வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, வெள்ளை வெளேரென்ற இரண்டு கால்களையும் தண்ணீரில் ஆற விட்டிருந்தார்.

ஹத்து பக்கத்து மேசையில் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கால தண்ணியில போடு தம்பி, குளுகுளுன்னு இருக்கு" என்றார் ஹாஜ் பாஹா அன்பாக.

"இருக்கட்டும் ஹாஜ். எனக்குக் கூச்சம்."

அதிகாரி பாவம், நல்ல பையன். இந்த மாதிரி நேரத்தில் நல்ல பையன்கள் செய்வதுபோல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டான். தலைவர் அவனுக்குச் சுகாதாரம் பற்றி வகுப்பெடுத்தார். ஓடை என்பது தாய்மடி என்றார். அதில் கை வைப்பவர் யாராக இருந்தாலும், பெண்ணாக இருந்தாலும், சட்டம் சட்டம்தான் என்றார். சமையலறை வாசலில் நின்று யாம்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. நாளை காலை எந்த ஊரில் யார் வீட்டில் பாத்திரம் கழுவப் போவது என்று கணக்குப் போடும் முகமாக இருந்தது. நிழல் நீண்டுகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாங்கு சொல்லிவிடுவார்கள். ஹத்து ஓடையின் மேல்பக்கத்தையே பார்த்தான். கல், நுரை, வெயில். வேறொன்றும் இல்லை. தொட்டி ஏமாற்றிவிட்டதா? செந்தட்டி பொய் சொல்லிவிட்டதா?

முதலில் அது ஒரு நூல் மாதிரி வந்தது. கரையோரமாக, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, கிளி இறகின் பச்சை. பிறகு ஒரு துணி மாதிரி விரிந்தது. பிறகு ஓடையே அதுவாகிவிட்டது. இவ்வளவு அழகான ஒன்று எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று தெரிந்தவன் அந்த இடத்தில் ஹத்து ஒருவன்தான். ஒரு கணம் அவனுக்கே அது மறந்துபோயிற்று.

பக்கத்து மேசைக் குழந்தைதான் முதலில் சொன்னது. "அந்தத் தாத்தாவோட கால் பச்சையா இருக்கு."

ஹாஜ் பாஹா குனிந்து பார்த்தார். காலைத் தூக்கினார். கணுக்கால் வரை பச்சை. நகக்கண்களில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியான பச்சை. தண்ணீரில் விட்டு அலசினார். தண்ணீரே பச்சையாக இருக்கும்போது அலசுவதால் என்ன நடக்குமோ அது நடந்தது. சட்டம் சட்டம்தான் என்று ஆரம்பித்து, இந்தப் பெண் ஓடைக்குள் ஏதோ விஷத்தைக் கலந்துவிட்டாள் என்று அவர் முழங்கத் தொடங்கிய நேரத்தில், இட்டோவும் பிஹியும் கரையில் இறங்கி வந்தார்கள். இட்டோவின் கையில் காலி டப்பா இருந்தது.

"விஷமில்ல ஹாஜ். சாயம்" என்றார் இட்டோ. "முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு கழிப்பறையில கொட்டினேன். இப்ப உங்க கால்ல இருக்கு."

"எந்தக் கழிப்பறை?" என்று அதிகாரி கேட்டான். முதல் முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கியிருந்தான்.

"பேரு கல்லுலயே இருக்கு. தலைவருக்கு மனப்பாடமா தெரியும்."

பிஹி சாட்சி சொன்னார். வாளி இருபதையும் தானே எண்ணியதாகச் சொன்னார். குழாயைச் சொன்னார், வாய்க்காலைச் சொன்னார், வியாழக்கிழமையைச் சொன்னார். அதிகாரி தன் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினான். கரையில் கூட்டம் கூடிவிட்டது. சிரிப்பு அடக்கமாகத்தான் ஆரம்பித்தது. ஹத்து தன் வேலை முடிந்தது என்று ரொட்டியைக் கையில் எடுத்தான்.

ஆனால் இருபது வருஷம் ஊராட்சித் தலைவராக இருப்பவர் பச்சைக் காலோடும் நிற்கத் தெரிந்தவர். ஹாஜ் பாஹா கூட்டத்தைப் பார்க்கவில்லை, இட்டோவைப் பார்க்கவில்லை. பிஹியிடம் திரும்பி, அந்த மடையைத் திறந்தது யார் என்று மட்டும் கேட்டார்.

பிஹிக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவர் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தார்.

"நான்தான்" என்றாள் யாம்னா.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே முழுதாகக் கேட்டது என்று ஹத்து பிற்பாடு நினைத்துக்கொண்டான். அவள் தண்ணீருக்குள் இறங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை அவள் பாவாடை விளிம்பில் ஏறியது. "அன்னைக்கும் நான்தான் தொறந்தேன். அந்தப் பிள்ளைங்க வந்த அன்னைக்கும். வாய்க்கால்ல நாத்தம் அடிச்சுது. செத்த ஆடு ஏதாச்சும் கிடக்கும்னு நெனச்சேன்." அவள் இட்டோவைப் பார்த்தாள். "பதினொரு பிள்ளைங்க, லல்லா."

"குழாய் வச்சது நீ இல்ல" என்றார் இட்டோ.

"தண்ணி விட்டது நான்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களை ஹத்து நிறையப் பார்த்திருக்கிறான். அவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததும் இல்லை. இப்போது கையிலிருந்த ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதிகாரியின் பேனா நின்றது. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு வரிக்குத்தான் இடம். அவன் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். இன்று ஏதோ ஒன்றுக்கு அவன் சீல் வைத்தாக வேண்டும். வைக்காமல் போனால் அவனுடைய மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஹாஜ் பாஹா எழுந்தார். பச்சைக் கால்களால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு யாம்னாவின் அருகில் வந்தார். குரல் முழுக்க மாறியிருந்தது. தேர்தல் நேரத்து வீட்டு வாசல் குரல். கழிப்பறையை மூடினால் ஊர் மானம் போகும், கவர்னர் அலுவலகம் வரை போகும் என்றார். கடையை மூடினால் அவள் பிழைப்பு போகும் என்றார். இரண்டில் எதுவுமே நடக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். வாய்க்கால் மறுபடி காய்ந்து கிடந்தால் ஓடைக்கு ஒரு சொட்டு அழுக்கு வராது, எந்த நாள் எடுத்தாலும் தண்ணீர் சுத்தமாக இருக்கும், தம்பியும் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போகலாம். புதினாவை வேறு எங்காவது போட்டுக்கொள்ளலாம், தானே இடம் தருகிறேன் என்றார்.

முதல் மழை வரும்போது அத்தனை மாதத்து அழுக்கும் ஒரே நாளில் இறங்கும் என்று இட்டோ சொன்னார். யாரிடம் என்று இல்லாமல், தகவலாகச் சொன்னார்.

"மழைதானே, வந்தாப் பாத்துக்கலாம்" என்றார் ஹாஜ் பாஹா.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. பிஹியின் சட்டைப்பைக்குள் அலாரமும் அடித்தது, அவர் அதை நிறுத்தவில்லை. மடையை மூடப் போக வேண்டிய நேரம், ஆனால் அவரும் போகவில்லை. அதிகாரி ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் ஈய முத்திரையுமாகக் காத்திருந்தான். யாம்னா தன் பன்னிரண்டு மேசைகளையும் பார்த்தாள். பிறகு ஓடையை, மேலே வாய்க்கால் வந்து சேரும் இடம் வரைக்கும் பார்த்தாள்.

ஹாஜ் பாஹா இன்னும் ஒரு அடி நெருங்கி வந்து, கிட்டத்தட்ட அவள் காதுக்குள் சொன்னார்:

"முறை உன்னுதுதான், நான் இல்லைன்னு சொல்லல. அந்த மடைய மட்டும் இனிமே தொறக்காம இருந்துடு மகளே. ம்?"